மூன்றாவது ஜாடி

ஜனவரி 18, 2025

விஜியின் கிரைண்டரை நான் நிறுத்தவைத்தது மாவு வாடை பிடிக்காமல்தான் என்று மாடிப்படியில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. தரைத்தளத்தில் அவள் நடத்தும் இட்லி மாவு வியாபாரத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. வேப்பம்பட்டில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. எங்கள் குடியிருப்பின் எட்டு வீட்டுக் கழிவும் பின்பக்கத் தொட்டியில் காற்று ஊதித் தெளிந்து, கல்வாழைப் பாத்தி வழியாக வடிந்து, பக்கத்து நிலத்துக் கஜபதியின் மாட்டுப் புல்லுக்கும் வாழைக்கும் போக வேண்டும். டிசம்பரிலிருந்து தெளியவில்லை. நாறுகிறது. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் வாளி வைத்து, கடிகாரம் பார்த்து அளந்தேன். விஜி வீட்டிலிருந்துதான் மிகுதி. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

"மாவு இன்னா வெசமா? அத்த துன்னுட்டுதான எல்லாரும் வேலைக்குப் போறீங்க?" என்றாள்.

தொட்டியின் பொறுப்பு என்னிடம். அதன் கையேட்டை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். நிறுத்தச் சொல்லித் தீர்மானமாயிற்று.

ஜனவரி 25

தெளியவில்லை.

ஜனவரி 29

கஜபதி மதில் ஓரம் வந்து நின்றார். "இன்னாம்மா, தண்ணி கறுப்பா வருது. மாடு புல்ல மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. அதுவும் கான்வென்ட்டுல படிச்சிது போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வாழை இலைகள் ஓரம் கருகியிருக்கின்றன. மாவு வருவது நின்ற பிறகும் ஏன்? பழைய மாவு அடியில் தங்கியிருக்கும் என்றேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது.

நாற்றம் என் குளியலறைவரை ஏறுகிறது. மழையில் குழாய் வழியாகப் பூரான் வந்த நாளிலிருந்து, படுக்கும் முன் பிளீச்சிங் பவுடர் ஒரு மக் கரைத்து ஊற்றுவது வழக்கம். இன்று இரண்டு மக்.

பிப்ரவரி 2

விஜி வானகரம்வரை கடைகளுக்கு மாவு போட்டவள். கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். இப்போது திருமழிசையில் ஏதோ கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாளாம். காலையில் வாசலில் எதிர்ப்பட்டாள். என்னைக் கண்டதும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அது அறுந்த செருப்பு இல்லை.

பிப்ரவரி 6

இன்று சோதனையை முறையாகவே செய்துவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. எவ்வளவு தண்ணீர் என்று அளந்தேனே தவிர, அது என்ன செய்கிறது என்று அளக்கவில்லை.

ஆவடியில் நன்றாக ஓடும் ஒரு குடியிருப்புத் தொட்டியிலிருந்து ஒரு கேன் பழுப்புச் சேறு. அந்தச் சேற்றில்தான் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மூன்று ஊறுகாய் ஜாடிகளில் சம அளவு. முதல் ஜாடியில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் விஜி வீட்டு மாவு அலசிய தண்ணீர் (வீட்டுக்கு அரைத்ததாம், கேட்டதும் கொடுத்தாள்). ஒப்பிட்டுப் பார்க்க, சுத்தமான வீட்டுக் கழிவு ஒன்றும் வேண்டுமே. மூன்றாவதில் என் குளியலறையிலிருந்து வடிந்த தண்ணீர். மீன் தொட்டி மோட்டாரால் காற்று விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 7

காற்றை நிறுத்தி அரை மணி விட்டேன். விஜியின் ஜாடியில் சேறு அழகாக அடியில் உட்கார்ந்தது. மேலே தெளிந்த தண்ணீர்.

மூன்றாவது வெளுத்துப்போய்க் கலங்கி நிற்கிறது. மேலே நுரை. உட்காரவே இல்லை. செத்த சேறு.

ஒருவேளை அளவு பிசகியிருக்கலாம். நாளை மறுபடி.

பிப்ரவரி 8

மறுபடியும் அதேதான்.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் தொட்டிக்குப் போகக் கூடாது, நுண்ணுயிர்கள் சாகும் — கையேட்டில் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியதே நான். என் கையெழுத்து! மற்றவர்களுக்கென்று எழுதினேனா? இல்லை, யோசிக்கவே இல்லை. நான் ஊற்றுவது சுத்தம். சுத்தம் எதைக் கெடுக்கும்? நாறினால் இன்னும் ஒரு மக். அதனால் இன்னும் நாறியது.

ஜாடியைக் கவிழ்த்துவிட எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. கவிழ்க்கவில்லை — ஆனால் எடுத்தேன்.

என்ன பண்ணிட்டேன் நான். அந்தப் பெண் பிழைப்பைக் கெடுத்துட்டேனே.

பிப்ரவரி 9

விஜி வேலை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"எம்மேல சொல்லசொல்லோ மைக்கு மட்டும்தான் பாக்கி. உங்க தப்ப மட்டும் கதவ சாத்திகினு சொல்றீங்களே, மேடம்."

கதவைத் திறந்துவிட்டாள். வந்துவிட்டேன்.

மாவு வாடை எனக்குப் பிடிக்காதுதான். அதனால்தான் வேறு காரணம் தேடவில்லை. ஜனவரி 18 அன்று எழுதியதை அடிக்கப் போவதில்லை. கிடக்கட்டும்.

பிப்ரவரி 16

சங்கக் கூட்டம். மூன்று ஜாடிகளையும் மேசைமேல் வைத்து, எது யாருடையது என்று சொன்னேன். செயலாளர் தசரதன், "வயசானவங்க, தெரியாம நடந்தது" என்று முடிக்கப் பார்த்தார். தெரியும், படித்திருந்தேன் என்றேன். விஜி வாசலோரம் நின்றாள். தலை நிமிரவில்லை — என் தலை.

தடை நீங்கியது.

பிப்ரவரி 27

ஆவடிச் சேறு ஊற்றிய தொட்டி பழுப்பாகிவிட்டது. கல்வாழையில் ஒரு குருத்து. "மாடு துன்னுதும்மா" என்றார் கஜபதி.

தரைத்தளத்தில் கிரைண்டர் சத்தம் இல்லை. இன்று அவள் கதவடியில் நான் செருகிய கடிதத்தின் நகல்:

விஜி அவர்களுக்கு,

உங்கள் மாவுத் தண்ணீரைத் தொட்டி தாங்கும். வாரம் ஒரு முறை ஜாடியில் பார்த்துச் சொல்வது என் வேலை. நீங்கள் இழந்த ஒவ்வொரு கடைக்கும் நானே வந்து, தவறு என்னுடையது என்று கடைக்காரரிடம் சொல்லத் தயார். நீங்கள் விரும்பினால் மட்டும். வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

வரவா, வேண்டாமா? வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகக் கேட்டுக்கொள்வேன். தயவுசெய்து எழுதிக் கொடுங்கள்.

ஞானம்மாள்