பெட்டியில் போட்ட அட்டை

பிப்ரவரி 9

மன்னிக்கணும். தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பிட்டேனா, மாத்திரை எத்தனை மணிக்கு என்று மூன்றே விஷயத்தைக் குறித்து வரத்தான் டாக்டரம்மா இந்த நோட்டைத் தொடங்கச் சொன்னார். நான் அதற்கு மேலும் எழுதப் போகிறேன். எழுதுகிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரியும். வாய் பேசாததைக் கை கொஞ்சம் பேசிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

தூக்கம் நாலு மணி நேரம். பாதிச் சாப்பாடு. மாத்திரை காலை எட்டுக்கு. இன்று ஒன்பதாவது நாள், வயிற்றைப் புரட்டுகிறது. முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்கும், பயந்து நிறுத்தாதீங்க என்றார். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க என்றும் சொன்னார். "மனசு ரொம்ப மோசமாப் போனா, செத்துடலாம்னு தோணினா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே வாங்க. வீட்ல ஒருத்தருக்காவது இது தெரிஞ்சிருக்கணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குத் தனிப் பட்டமே கொடுக்கலாம்.

வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 12

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று ஒரு தப்பு. எந்தத் தெருக் குழாய், எத்தனை மணிக்குப் பிடித்தது என்று ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்ட வேண்டும். ரெண்டு பாட்டிலுக்கு ஒரே தெருவை ஒட்டிவிட்டேன். மேலதிகாரி திட்டவில்லை. "ஏம்மா, ஒரு தெருவுக்கு ரெண்டு தண்ணியா? கவுன்சிலர் வீடு இருக்கிற தெருவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சீட்டு படிப்பதில் தப்பே செய்யாத ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது அவளுக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அப்பா பஸ் டிரைவர், வண்டி நம்பரையும் ரோட்டுப் பலகையையும் உருவத்தை வைத்துச் சொல்லிவிடுவார். மாத்திரை அட்டை வந்தால் மட்டும் நான் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பழைய மிட்டாய் டப்பாதான் மருந்துப் பெட்டி. காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிடுவோம், மிச்சம் டப்பாவுக்குப் போகும், அடுத்து யாருக்கு முடியவில்லையோ அவர்களுக்கு. நான் நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொரு அட்டையாக உரக்கப் படிப்பேன். இது தலைவலி. இது சளி. இது அம்மாவுக்கு ஒத்துக்காது. பக்கத்து வீடுகளிலிருந்துகூட அட்டையோடு வருவார்கள். "எங்க மேடத்தைக் கேளுங்க" என்பார் அப்பா, டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல்.

அவளுக்கு எவ்வளவு பெரிய குரல்! எங்கே போனாள்?

பிப்ரவரி 20

நேற்று மாத்திரையை மறந்துவிட்டேன். இன்று சேர்த்து ரெண்டு போடலாமா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "வேணாம்மா. விட்டது விட்டதுதான். இன்னிக்கு உள்ளதை மட்டும் போடு."

குமட்டல் நின்றுவிட்டது.

மார்ச் 8

தூக்கம் ஆறரை. அம்மா சலவைக் கடை வேலையிலிருந்து வந்ததும் அவள் கையில் இஸ்திரிச் சூட்டின் வாசனை அடித்தது. எத்தனை மாதமாக இந்த வாசனை எனக்கு வரவே இல்லை! அல்லது வந்தும் நான் இல்லையோ?

அந்த வாசனையோடு கூடவே பழசெல்லாம் வருகிறது. பள்ளி விட்டதும் அப்பாவின் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டெப்போ வரைக்கும் வண்டி மொத்தமும் எனக்கு. ஒவ்வொரு சீட்டிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். "மேடம், எங்க இறங்கணும்?" என்று அப்பா கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். நிலாவில் என்பேன். "நிலாவுக்கு வேற டிரைவர். நான் டெப்போ வரைக்கும்தான்."

பட்டமளிப்பு அன்று ஷிப்ட் முடிந்து அதே சட்டையோடு வந்தார். போட்டோவில் அவர் சிரித்திருக்கிறார், நான் பயந்திருக்கிறேன். அதிலிருந்தே பயந்துகொண்டுதான் இருக்கிறேனோ? வீட்டின் முதல் பட்டம். அது உடைந்துபோனால் யார் ஒட்டுவது?

மார்ச் 27

இன்று டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாள். போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் தணிக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தணிக்கை நாளைக்குத்தான்.

நல்லாத்தானே இருக்கேன்?

ஏப்ரல் 2

நிறுத்திவிட்டேன். ரெண்டு மாதம் போதும். காய்ச்சல் விட்டாச்சு.

அட்டையில் பதினொன்று மீதி. குப்பையில் போட மனம் வரவில்லை. கை தானாக டப்பாவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அது அப்படித்தான், யோசிக்கிற வேலையே இல்லை. ஒளித்து வைக்க இனி ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 5

கண்ணைத் திருப்பினால் தலைக்குள் பளிச்சென்று ஷாக் அடிக்கிறது. காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். நடக்கும்போது தரை கொஞ்சம் தள்ளியே இருக்கிறது.

ஏப்ரல் 7

எப்படி எழுத.

காலை பத்து மணிக்கு அம்மா ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். அப்பா வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டாராம். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. குமட்டல், மயக்கம், ஸ்டியரிங் பிடித்த கை உதறியிருக்கிறது. நிறுத்தத்தில் ஓரம் கட்டி, கண்டக்டரிடம் சொல்லி, வேறு டிரைவரை வரவழைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். "வண்டி நின்னா ஜனம் திட்டும். கவுந்தா திட்டறதுக்கு ஆள் இருக்காதே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறார். சிரிப்பு வேறு.

நர்ஸ் கேட்டாள்: "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்தாள். என் அட்டை. "நாலு நாளா முதுகு வலி, தூக்கமே இல்ல இவருக்கு. வலி மாத்திரையோட இதையும் நேத்து ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு கொடுத்தேன். நல்ல மாத்திரைதாம்மா. எம்பொண்ணு பெட்டியில வச்சது. அவ படிச்சவ."

அவ படிச்சவ.

நாற்பது பேர் அந்த பஸ்ஸில்.

"அது என்னோடது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது வலி மாத்திரை இல்ல. மனச்சோர்வுக்குக் கொடுத்தது. எனக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். நர்ஸ் மட்டும்தான் அதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். ரெண்டு மாத்திரைதான், பயப்பட வேண்டாம், சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். வலி மாத்திரையோடு இதைச் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் தொடவே கூடாது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள். என் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 8

அப்பா தேறிவிட்டார். அம்மா மத்தியானம் திடீரென்று வெடித்தாள்.

"உனக்கு என்னடி குறை? சொல்லு. சோறு இல்லையா, துணி இல்லையா?"

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப ஏன்?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

வேறு குரலில் கேட்டாள். "காய்ச்சல் மாதிரியா? யாருக்கு வேணா வருமா?"

"யாருக்கு வேணா வரும்."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? ஊருக்கெல்லாம் அட்டை படிச்சுச் சொன்னவ, உன்னோடதை மட்டும் மனசுக்குள்ளேயே படிச்சுக்கிட்டியா?"

அழுதுட்டேன். அவளும்.

ஏப்ரல் 10

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லாயிருக்குன்னு நிறுத்தினீங்க. நல்லாயிருந்ததே மாத்திரையாலதான்" என்றார். தலைக்குள் அடித்த ஷாக், எரிச்சல், தரை தள்ளிப்போனது எல்லாம் சட்டென்று நிறுத்தியதால் வந்தவையாம். எந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம். அதற்கப்புறம் விடுவதானாலும் அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஏப்ரல் 19

டப்பாவைக் காலி செய்தோம். மிச்சமான பழசையெல்லாம் அம்மா துணிப்பையில் போட்டு மருந்துக்கடையில் கொடுத்தாள். "இதுல ஒண்ணு உங்க பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்துது போலிருக்கே" என்றார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்து பாதி அழிந்திருந்தது. நாற்காலி மேல் நின்று இதைப் படித்திருப்பேன். கொடுக்க மனசே இல்லை. கொடுத்துவிட்டேன்.

மே 4

தூக்கம் ஏழு. மாத்திரை எட்டுக்கு. மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

காலையில் அப்பாவின் வண்டி. முதல் நிறுத்தத்தில் ஆள் ஏற இன்னும் நேரம் இருந்தது. டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த நாளைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதே இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் ஒரே அச்சு. மனசில் இருப்பதைச் சொல்ல ரெண்டு பேரும் வாய் திறக்க மாட்டோம்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர்தான் தொடங்கினார். "அன்னிக்கு எனக்கு மயக்கத்தைவிட எது பெரிசாத் தெரிஞ்சதுன்னு தெரியுமா? நாம படிக்க வச்ச புள்ள இவ்வளவு நாள் தனியாக் கிடந்திருக்கேன்னுதான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப சரியாகும்னு டாக்டர் சொன்னாங்களா?"

"இப்பவே பரவால்லப்பா. ஆனா இன்னும் பல மாசம் போடணும்."

"போடு. உனக்குத் தெரியாததா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூன்று பேர் ஏறினார்கள். கண்டக்டர் பின்னால் விசில் ஊதத் தயாராக நின்றார். அப்பா கியரில் கை வைத்தார். இத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை இப்போது விட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. குனிந்து அவர் காதருகே சொன்னேன்:

"அப்பா, இனிமே நான் நல்லாயிட்டேன், மாத்திரை வேணாம்னு சொன்னா, படிச்ச பொண்ணு சொல்றான்னு நம்பிடாதீங்க. என்னைக் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."