மூன்றாம் கேள்வி

சாந்தோம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெசிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, போகிற எண்ணமே அதற்கு இல்லை.

வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் போதாதா என்று கேட்கிறாள் அம்மா. அதில் எனக்குக் கோபம் மட்டும்தான் எழுத வருகிறது. போன வாரம் நான் அனுப்பியதைப் படித்தாய் அல்லவா? அதை அழித்துவிடு.

பொருளாதாரம் படிக்கத்தான் உன்னை டில்லிக்கு அனுப்பினேன். கூடவே துணைப்பாடமாக ஆசியப் பண்பாடுகளும் சமுதாயங்களும் என்றாய். சரி, படித்துத் தொலை என்றேன். அதற்காக ஜனவரியிலிருந்து ஆறு மாதம் இந்தோனேசியா, அப்பா கையெழுத்து வேண்டும் என்று படிவம் வந்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஊரார் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பாடமா? முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வேறு எப்படி நினைப்பான்!

இப்போது அந்தத் துணைப்பாடத்துக்காக நீ அனுப்பிய கேள்வித்தாள் விஷயம். தெரிந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்து, போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தாய். கேள்வித்தாள் என்றதும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. கச்சேரி ரோடு வேம்புவையும், திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குலாம் ரசூலையும் வீட்டுக்கு வரவழைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, முக்கால் மணி நேரம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவர்களோடு நானும் எழுத உட்கார்ந்தேன். "வயலின் வாத்தியாரைப் பரீட்சைக்கு உக்காத்தி வெச்சுட்டீரே ஓய், அடிஷனல் ஷீட் உண்டா?" என்றார் வேம்பு. குலாம் ரசூல் அவர் தாளை எட்டிப் பார்த்தார், அதட்டினேன். அம்மா சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்திவிட்டாள்.

திருத்தவும் ஆரம்பித்தேன், சிவப்பு மையில். வேம்புவுக்குப் பத்துக்கு ஆறு. அதை உன் பேராசிரியையிடம் காட்டி என் மானத்தை வாங்காதே. அம்மா பிறகு இருவரையும் பேச வைத்துப் பதிவு செய்துவிட்டாள், அது தனியாக வரும்.

குலாம் ரசூலின் தாளில் மூன்றாம் கேள்விக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. பிள்ளைகள் தூர ஊருக்குப் புறப்படும்போது உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. ஒரு காசைத் துணியில் முடிந்து கையில் கட்டிவிடுவார்களாம், போய்ச் சேர்ந்ததும் அந்தக் காசை ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். மகள் வஜீஹா துபாய்க்குப் போனபோது கட்டினேன், முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தேன் என்று எழுதியிருந்தார். பதினைந்து வருடமாக அவரிடம் கண்ணாடி வாங்குகிறேன். அவருக்கு ஒரு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது ஜெசி. இதற்கு நான் என்ன மார்க் போடுவது?

என் தாளில் அந்த இடம் காலி. "இன்னா சார், நீங்களே எழுதாம வுட்டுட்டீங்க?" என்று கேட்டார் குலாம் ரசூல். மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன்.

மறக்கவில்லை. நம் வீட்டில் நெற்றியில் சிலுவை வரைந்துதான் வழியனுப்புவோம். நீ டில்லிக்கு ரயிலேறிய அன்று நான் அதைச் செய்யவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன், அம்மாதான் சென்ட்ரலுக்கு வந்தாள். எனக்குத் தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம். இந்தோனேசியா என்றதும் நான் குதித்ததும் அதனால்தான். பாடத்தின் மேல் பழி போட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகப் படி. நாலு வீட்டுக்குப் போ, என்னைப் போல் பரீட்சை வைக்காமல் உட்கார்ந்து கேள்.

ஒன்றே ஒன்று. டில்லியிலிருந்து நேராக விமானம் ஏறிவிடாதே. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிட்டு, இங்கிருந்து புறப்படு. இந்த முறை விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பார். நான் அழுதால் மட்டும், பார்க்காத மாதிரி நின்றுகொள் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
பிலிப்