விசிலடிக்கும் நாற்பதாவது மாடி

பால்னெயாரியோ கம்போரியு,
ஜூன் 9

பாசமுள்ள, ஆனால் பதில் போடாத அப்பாவுக்கு,

போனில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைத்தான் திருப்பி அனுப்புகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நம் கட்டடம் விசிலடிக்கிறது. உங்கள் போர்ட்டோ அலெக்ரே பக்கமிருந்து தெற்குக் காற்று கிளம்பினால் போதும் (நீங்கள் வராவிட்டாலும் அதுவாவது வருகிறது), நாற்பதாவது மாடி முழுக்க ஊளை. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. "இந்தப் பேய் வீடு நமக்கு வேணாம்டி. வித்துட்டு உள்நாட்டுப் பக்கம் ப்ளுமெனாவுல தரையோட ஒரு வீடு பாப்போம்" என்கிறாள். காற்று வாங்க வந்த வீட்டைக் காற்றோடு சேர்த்து விற்கப் போகிறாள்! என் பள்ளிக்கூடம், தோழிகள், கடல் எல்லாம் இங்கேதான். மாதக் கடைசிச் சனிக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறார்.

கட்டும் முன்பே இதன் பொம்மையைச் செய்து, உங்கள் ஆய்வகத்துக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்த்தவர் நீங்கள்தானே? அப்போது இது வாயைத் திறக்கவில்லையா?

உங்கள் மகள்,
மொயேமா

போர்ட்டோ அலெக்ரே,
ஜூன் 17

வாயாடி மொயேமாவுக்கு,

பொம்மை இல்லை, மாதிரி!

வரைபடத்தில் எல்லாப் பால்கனியும் திறந்தவெளி. அப்படியே செய்தேன், ஊதினேன், சத்தமில்லை. சாவி கைக்கு வந்த மறுநாளே நம் ஆட்கள் பால்கனிக்குக் கண்ணாடி போட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டுக்குப் போட்டதே நான்தான். ஆனாலும் மாதிரியில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று ஒரு கண்ணாடிக் கதவை நிஜ அளவிலேயே சுரங்கத்தில் நிறுத்தினேன். முழுக்க மூடினாலும் அமைதி, முழுக்கத் திறந்தாலும் அமைதி. விரலளவு சந்து விட்டால்தான் ஊளை. யார் வீட்டில் அப்படி விடுகிறார்கள் என்று பார். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் சொல்.

முத்தங்களுடன்,
அப்பா

பால்னெயாரியோ கம்போரியு,
ஜூன் 28

அன்பு அப்பாவுக்கு,

யார் விடவில்லை என்று கேளுங்கள்! பால்கனி அடுப்பில் இறைச்சி சுடுகிற புகை வெளியே போக வேண்டும், குளிர் உள்ளே வரக் கூடாது. அதனால் வீட்டுக்கு வீடு விரலளவு சந்து. கீழ்வீட்டு அம்மாள் டோனா சுல்மீராவிடம் சொன்னேன். "என் கண்ணாடி விசிலடிக்குமா? அது ஒழுங்கா வளந்த கண்ணாடிடி, போ!" என்றார்.

சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: "வியாழன் மாலை விளம்பரத்துக்காகக் கட்டடத்தைப் படம் பிடிக்கிறோம். பால்கனிக் கண்ணாடிகளை முழுக்கத் திறந்து வைத்துச் சிரித்தபடி நிற்கவும்."

அன்று பார்த்துத் தெற்குக் காற்று வெளுத்து வாங்கியது. கட்டடமே நடுங்கிக்கொண்டு சிரித்தது. டோனா சுல்மீரா உதட்டுச் சாயத்தோடு நின்றார். குடியிருப்புத் தலைவர் எவாரிஸ்டோ என் காதைப் பிடித்தார்.

"படம் எடுக்கிறவன் எங்கடி?"

"அத விடுங்க மாமா, விசில் எங்க?"

கையை எடுத்தார். காது கொடுத்துக் கேட்டார். காற்று அடித்தது, சத்தமில்லை. மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார்: அடுப்பு எரிந்தால் முழுக்கத் திற, அணைந்தால் முழுக்க மூடு.

இன்று மதியம் வெளியே அதே காற்று. அம்மா சோபாவில் குறட்டை. கீழேயிருந்து வாசல் போன் அடித்தது, வீடு பார்க்கிற ஆள். என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மா தோளைத் தொட்டேன். ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"விக்கலேன்னு சொல்லு. போன மெதுவா வை, தூங்கணும்."

உங்கள் மகள், இன்னும் நாற்பதாவது மாடியில்,
மொயேமா