முழங்காலுக்கு ஒரு தைலதாரை

என் அருமை எடியே,

வைத்தியசாலைக் கஞ்சியில் நீ இளைத்திருப்பாய். இங்கே என் சமையலில் பூனை இளைத்துவிட்டது.

ஓணத்துக்குப் பிறகு என் ஜோக் எதற்கும் நீ சிரிக்கவில்லை. அதற்கு முன்பும் பாதிக்குத்தான் சிரித்தாய், அது வேறு விஷயம். மனம் சோர்ந்துவிட்டது, விஷாதம் என்றார் வைத்தியர். அதைச் சொல்ல நா எழாமல், உனக்கு முழங்கால் வலி என்று ஊருக்குச் சொல்லிவைத்தேன். பலன், வீடு முழுக்க முழங்கால் தைலம். கடையே போடலாம்.

நேற்று பக்கத்து வீட்டுப் பங்கஜாக்ஷி சேச்சி சிகிச்சையைப் பற்றித் துருவினாள். நெற்றியில் தைலதாரை என்று உளறிவிட்டேன்.

"முட்டிக்கு நெத்தியிலயா ஊத்துறாங்க? உன் பொண்டாட்டிக்கு முட்டி எங்கடா இருக்கு?"

நான் விழிப்பதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் வந்துச்சுடா. தலை சீவக்கூடக் கை எழும்பல. நான் இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டேன். அது மேல வந்து மூடுற தமஸ், வெறும் இருட்டு. உள்ள விளக்கு அணையல. வந்ததும் சிரி, பேசுன்னு அவளப் பிடுங்காத. சிகிச்சை எத்தனை நாளோ, அத்தனை நாள் வீட்டுலயும் நல்லிருப்பு, பத்தியமா ஓய்வு. சத்தமே கூடாது."

சத்தமே கூடாதாம், என்னிடம்!

ஆனாலும் பழகத் தொடங்கிவிட்டேன். மாலையில் விளக்கேற்றி அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து பூனை மடியில் ஏறிக்கொண்டது.

நீயும் வந்து பக்கத்தில் உட்கார். சிரிக்க வேண்டாம்.

வாயை மூடக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் வாயாடி