பூசாரிப் பெண்ணுக்கு எந்தச் சாமி

12.11.2005, சனி

கம்ப்யூட்டர் முன்னால் நான், அவர், மகள் கலா. மழையால் உப்பளத்தில் வேலையில்லை; அவரும் வீட்டில்தான்.

விளையாட்டில் காயம் ஆற்றும் ஆள் இல்லாமல் குகைப் பூதத்திடம் இன்றும் எங்கள் குழு மொத்தமும் செத்தது. பூசாரிப் பெண் ஒருத்தியைச் சேர்க்கப் போனால், அவள் எந்தச் சாமியைக் கும்பிடுவாள் என்று விளையாட்டு கேட்கிறது. எல்லாம் நமக்குத் தெரியாத சாமிகள்.

"ஏதாவது ஒண்ணைத் தொடும்மா, கேம்தானே?" என்றாள் கலா.

"லிஸ்ட்ல உன் முருகன் இல்லியா? மயிலு பஞ்சர் போல" என்று அவர் சிரித்தார்.

விளையாட்டானாலும் வேறு சாமியைத் தேர்ந்தெடுப்பது நான்தானே? எழுந்துவிட்டேன். கலா முகம் வாடிவிட்டது. திங்களன்று ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் இருவருமாகக் குகையைத் தாண்டுவதாக இருந்தோம்.

வெள்ளைப்பூ, சிவப்புப்பூ இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து உன் படத்தடியில் வைத்திருக்கிறேன், முருகா. காலையில் கலா ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் உனக்குச் சம்மதம். நாளைக்கே பதில் சொல்லிவிடு.