தூங்கிப்போன ஜீன்

வியாழக்கிழமை, பத்து காஜா, மலேசியா.

இன்று ஈப்போ ஆஸ்பத்திரியில் மகள் கவிதாவுக்கு ரத்தம் ஏற்றும்போது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அவளுக்குப் பிறவியிலிருந்தே உள்ள ரத்த நோயான தாலசீமியாவுக்கு வெளிநாட்டில் புதுச் சிகிச்சை வந்திருக்கிறதாம். குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது நல்ல ரத்தம் தரும் ஜீன், பிறந்தபின் தூங்கிவிடுகிறது. அதைத் திரும்ப எழுப்பிவிடுகிறார்கள். கவிதாவுக்கும் செய்யலாமா என்று உடனே கேட்டேன்.

"ஆனா அதுக்கு முன்னால கடுமையான மருந்து கொடுக்கணும்மா. ரத்தம் ஏத்தி ஏத்தி கவிதா ஹார்ட்டுல இரும்பு ரொம்ப சேர்ந்திருச்சு, தாங்காது" என்றார். பிறகு எதற்கு என்னிடம் சொன்னார்?

கவிதா கேட்டாள்: "அப்போ அம்மா வயித்துல நான் நல்லாத்தான் இருந்தேனா டாக்டர்?"

"ஆமா" என்றார்.

காரில் வரும்போது சிரித்தாள். "வெளிய வந்ததுதான் தப்பு லா மா."

"வாயை மூடு" என்று கத்திவிட்டேன்.

வீட்டில் சாப்பிடும்போது அவளே மறுபடி பேச்சை எடுத்தாள். "சின்னப் பிள்ளைங்களுக்காவது அந்தச் சிகிச்சை சீக்கிரம் இங்க வரட்டும் மா."

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய். என் பிள்ளைக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்க வேண்டாம் என்றுதான் மனசு சொல்கிறது. இதை எழுதும் இப்போதும் அதையேதான் சொல்கிறது.