பிப்ரவரியில் ஏது கரடி

மான்டானா
பிப்ரவரி 9

அன்புள்ள மாரிட்டுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். அங்க அலாஸ்காவில நீ சௌக்கியமான்னு ஒவ்வொரு தடவையும் சும்மா கேப்பேன், இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன்.

இங்க பனி ஜன்னல் வரைக்கும் வந்தாச்சு, உன் தம்பி சுட்ட எல்க் மான் கறி இன்னும் பாதி ஃப்ரீசர்ல கிடக்கு, அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். ஆனா ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போன நேரம் பாத்து நீ போன் பண்ணினதுலேருந்து மனுஷனைப் பிடிக்க முடியலை. காட்டுல எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒரே ரிவால்வர் எதுன்னு மகள் தன்கிட்ட யோசனை கேட்டுட்டாளாம். த்ரீ ஃபிஃப்டி செவன் ரகம் வாங்கு, நாலு அங்குலக் குழல், பழகறதுக்கு அதுலயே சின்ன தேர்ட்டி எய்ட் தோட்டா போட்டுக்கலாம், கை உதறாது, காட்டுக்குப் போறப்ப கனமான தோட்டா, பெரிய பழுப்புக் கரடி இருக்கற இடம்னா அதைவிடப் பெரிய ஃபார்ட்டி ஃபோர்தான்னு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாராம். நீ அதெல்லாம் வேண்டாம், ரெண்டு அங்குலக் குழல் போதும், கோட்டுப் பையில இருக்கறது வெளிய தெரியக்கூடாது, எடுக்கும்போது துணியில மாட்டக்கூடாதுன்னியாம். பெர்ரி பறிக்கப் போறேன், கரடி பயம்னியாம்.

மாரிட், முப்பது வருஷமா வேட்டைச் சாமான் கடையில நிக்கறவ நான். கரடிக்குன்னு கேக்கறவங்க இடுப்புலயோ மார்லயோ கட்டிக்குவாங்க, ஒளிச்சு வைக்க மாட்டாங்க. அதுவும் பிப்ரவரியில என்ன பெர்ரி? கரடியெல்லாம் குகையில தூங்குது. வாசப் பூட்டை மாத்தினேன்னு பேச்சோட பேச்சா சொன்னியாமே, அதையும் உங்கப்பா சந்தோஷமாத்தான் வந்து சொன்னார். நான் ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்னதும் முகம் செத்துப் போச்சு. "நான் என்னத்தைடி சொல்லிக் கொடுத்தேன் அவளுக்கு" அப்படின்னார்.

நீ போன் பண்ணினா நடுவுல புகுந்து சிரிக்கறவன், உன்கூட அதே வீட்டுல இருந்த அந்த டேரில், கிறிஸ்துமஸ்லேருந்து அவன் பேரையே நீ எடுக்கலை. நான் யாரையும் குத்தம் சொல்லலை, சந்தேகம்தான் படறேன். போன்ல கேட்டா மழுப்புவே, அதான் எழுதறேன். கரடின்னா அப்பா சொன்னதை வாங்கிக்கோ. மனுஷன்னா பேரைச் சொல்லு. அதுவரைக்கும் தனியா படுக்காதே, கூட வேலை பாக்கற பொண்ணு வீட்டுல போய் இரு.

பனியில வழுக்காம இருக்க அப்பா வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி எடுத்து வெச்சுட்டார், காலையில கிளம்பறோம். கனடா வழியாத்தான் அங்க வரணும், கைத்துப்பாக்கியை அந்த எல்லையில விடமாட்டான், வெறுங்கையோடதான் வர்றோம். கடிதம் முந்துதோ நாங்க முந்தறோமோ. கர்த்தர் உன் பக்கத்துலயே இருக்கட்டும் கண்ணு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, நாங்கன்னா மூணு தட்டு தட்டுவோம். வேற எந்தத் தட்டுக்கும் திறக்காதே.

உன் அம்மா,
டோரிஸ்